எம்.எஸ். களைப்பு: உடற்பயிற்சியும் நடத்தை சிகிச்சையும் கொண்டு கட்டுக்குள் வைக்க முழுமையான வழிகாட்டி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) என்பது மூளை, தண்டுவட நரம்புகளைப் பாதிக்கும் நோய். அது உள்ளவர்களில் நான்கில் மூவருக்காவது களைப்பு இருக்கிறது. கால் மரத்துப்போவதையும் பார்வை மங்குவதையும்கூட சமாளித்துவிடலாம், இந்தக் களைப்பைத்தான் தாங்க முடியவில்லை என்று பலர் சொல்கிறார்கள். வெளியே தெரியாத தொல்லை என்பதால் மற்றவர்களை நம்ப வைப்பதே பெரும்பாடு. "பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க, கொஞ்சம் தூங்கி எழுந்தா சரியாயிடும்" என்பார்கள். சரியாகாது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த காலையிலேயே கை கால் கனத்துக் கிடப்பதும், பேசிக்கொண்டிருக்கும்போதே சொல் கிடைக்காமல் மூளை நின்றுபோவதும் இந்த நோயின் இயல்பு.

காரணம் உடலில்தான் இருக்கிறது. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறை சிதைவதால் செய்திகள் மெதுவாகவும் தடைபட்டும் போகின்றன. முன்பு எளிதாகச் செய்த வேலைக்கே மூளை இப்போது அதிகப் பகுதிகளை இயக்க வேண்டியிருக்கிறது. நோயின் அழற்சியும் அசதியை உண்டாக்கும். உடல் சூடு அரை டிகிரி ஏறினாலே சிதைந்த நரம்பு இன்னும் தடுமாறும். 1890-இல் ஜெர்மானியக் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊட்ஹாஃப் இதை விவரித்ததால் அவர் பெயராலேயே இது அறியப்படுகிறது.

இது அடி அடுக்கு. இதன்மேல் இரண்டாவது அடுக்கு ஒன்று சேர்கிறது: கெட்டுப்போன தூக்கம், மனச்சோர்வு, சில மருந்துகள், அசைவு குறைந்ததால் வலுவிழந்த தசைகள், பயம். உடற்பயிற்சியும் நடத்தை சிகிச்சையும் பெரும்பாலும் இந்த இரண்டாவது அடுக்கில்தான் வேலை செய்கின்றன. அது சிறிய அடுக்கு அல்ல. பலருக்குக் களைப்பில் கணிசமான பங்கு அங்கேதான் இருக்கும்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2015-இல் 45 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட மதிப்பாய்வு, உடற்பயிற்சி எம்.எஸ். களைப்பை ஓரளவு குறைக்கிறது என்றும், அதனால் நோய் மீண்டும் தாக்குவது அதிகரிக்கவில்லை என்றும் சொன்னது. உடற்பயிற்சி நோயைக் கிளறிவிடும் என்ற பழைய பயத்துக்கு இடமில்லை.

மருந்துகளின் நிலை கலவையானது. 2021-இல் வெளியான ஒரு சோதனையில் அமான்டடின், மொடாஃபினில், மெதில்ஃபெனிடேட் மூன்றுமே வெற்று மாத்திரையைவிடச் சிறப்பாகச் செயல்படவில்லை. 2024-இல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 336 பேர் மூன்று பிரிவுகளாக 12 வாரம் சிகிச்சை பெற்றார்கள். தொலைபேசி வழி அறிதல் நடத்தை சிகிச்சை (எண்ணங்களையும் பழக்கங்களையும் பேசி மாற்றும் சிகிச்சை), மொடாஃபினில், இரண்டும் சேர்த்து என்ற மூன்று பிரிவிலும் களைப்பு ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. இரண்டையும் சேர்த்ததால் பெரிய கூடுதல் பயன் வரவில்லை. நாமறிந்தவரை, பேச்சு வழிச் சிகிச்சை மருந்துக்குக் குறைந்ததல்ல. அதைத் தொலைபேசியிலேயே செய்யலாம் என்பது வெளியே போய்வருவதே களைப்பாக இருப்பவர்களுக்குப் பெரிய செய்தி.

முதல் படி: களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ரத்தசோகையோ தைராய்டு குறையோ இருக்கும்போது எத்தனை வாரம் நடந்தாலும் பலன் இருக்காது. ரத்த அணுக்கள், இரும்புச்சத்து, தைராய்டு, வைட்டமின் பி12, வைட்டமின் டி, சர்க்கரை ஆகியவற்றைப் பரிசோதிக்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். களைப்பு திடீரென்று கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்றும் பாருங்கள். எம்.எஸ். உள்ளவர்களுக்கு எரிச்சலோ காய்ச்சலோ இல்லாமலேயே அது வரக்கூடும்.

மருந்துப் பட்டியலையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். தசை இறுக்கத்துக்குத் தரும் பேக்லோஃபென், டிசானிடின், நரம்பு வலிக்குத் தரும் காபாபென்டின், சிறுநீர்ப்பைக்குத் தரும் சில மாத்திரைகள் எல்லாமே மந்தமாக்கும். நீங்களாக நிறுத்தக்கூடாது. பேக்லோஃபெனைச் சட்டென்று நிறுத்துவது ஆபத்தானது. அளவையோ நேரத்தையோ மாற்ற முடியுமா என்று மட்டும் கேளுங்கள்.

தூக்கத்தைப் பற்றி மூன்று கேள்விகள் போதும். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுகிறீர்கள்? பலத்த குறட்டையோ மூச்சு நின்று திணறுவதோ உண்டா? படுத்ததும் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றுகிறதா? மூன்றுக்கும் தனித்தனிச் சிகிச்சை இருக்கிறது. மனச்சோர்வு எம்.எஸ்.-இல் மிகச் சாதாரணம். எதிலும் நாட்டமில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அதையும் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் உடனே உதவி கேளுங்கள்.

இரண்டாம் படி: அளந்து எழுதுங்கள்

களைப்பை அளக்க அதிகம் புழக்கத்தில் உள்ள கேள்வித்தாள்கள் இரண்டு. முதலாவது, களைப்புத் தீவிர அளவுகோல். 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பெண். சராசரி 4 அல்லது அதற்கு மேல் என்றால் களைப்பு கணிசமானது. மற்றது எம்.எஃப்.ஐ.எஸ். எனப்படும் களைப்புத் தாக்க அளவுகோல்: 21 கேள்விகள், மொத்தம் 84. பொதுவாக 38-ஐ எல்லைக்கோடாக வைக்கிறார்கள். உடல் களைப்பையும் மூளைக் களைப்பையும் தனித்தனியாகக் காட்டுவதால் இரண்டாவதுதான் நல்லது. மூளைக் களைப்பு மேலோங்கியவருக்கும் கால் களைப்பு மேலோங்கியவருக்கும் ஒரே திட்டம் பொருந்தாது.

பிறகு இரண்டு வாரம் குறிப்பு எழுதுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு வரி போதும்: என்ன செய்தீர்கள், எவ்வளவு நேரம், களைப்பு பத்துக்கு எத்தனை, வெயிலோ சூடோ இருந்ததா. "காலை 10-12: கணினியில் வேலை, இடைவெளி இல்லை, களைப்பு 4லிருந்து 7" என்ற அளவில் இருந்தால் போதும். இந்த இரண்டு வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். இப்போது நல்லவராக நடந்துகொண்டால் குறிப்பு பொய் சொல்லும்.

குறிப்பைப் படிக்கும்போது இரண்டு வடிவங்களில் ஒன்று தென்படும். தெம்பான நாளில் தேங்கிய வேலையெல்லாம் முடித்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பது ஒன்று. களைப்பு வந்துவிடுமோ என்று பயந்து நாளுக்கு நாள் செய்வதைக் குறைத்துக்கொண்டே வருவது இன்னொன்று. முதல் வடிவத்தில் இருப்பவருக்கு நிறுத்தக் கற்றுக்கொள்வது முக்கியம், இரண்டாவதில் இருப்பவருக்குத் தொடங்கக் கற்றுக்கொள்வது. பெரும்பாலானவர்களைக் கவிழ்ப்பது கெட்ட நாளில் குறைவாகச் செய்வதல்ல, நல்ல நாளில் அளவு மீறுவது.

மூன்றாம் படி: தொடக்க அளவைக் கணக்கிடுங்கள்

தொடக்க அளவு என்பது மோசமான நாளிலும் செய்துவிடக்கூடிய அளவு. கணக்கு எளிது. ஒரு வாரத்தில் நடந்த நிமிடங்கள் 25, 5, 10, 30, 0, 8, 20 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 98, சராசரி 14. அதில் முக்கால் பங்கு எடுத்தால் சுமார் 10 நிமிடம். அதுதான் உங்கள் தொடக்கம். முப்பது நிமிடம் நடந்த நாள் ஒன்று இருப்பதால் "என்னால் முப்பது முடியும்" என்று தொடங்குபவர்கள்தான் பெரும்பாலும் இரண்டாவது வாரத்தில் விட்டுவிடுகிறார்கள். தொடர்ந்து நிற்க முடியாதவர் நிற்கும் நேரத்துக்கும், மூளைக் களைப்பு உள்ளவர் திரை பார்க்கும் நேரத்துக்கும் இதே கணக்கைப் போடலாம்.

ஓய்வையும் இப்போதே நாளில் பொருத்திவிடுங்கள். பத்து முதல் இருபது நிமிடம், நாளைக்கு இரண்டு முறை, கடிகாரம் பார்த்து. கைபேசி, தொலைக்காட்சி, பேச்சு எதுவும் வேண்டாம், கண்ணை மூடிச் சாய்ந்திருங்கள். களைத்த பிறகு எடுக்கும் ஓய்வு மீண்டெழவே அதிக நேரம் கேட்கும். களைப்பதற்கு முன்பே எடுத்தால் குறைந்த நேரம் போதும். தெம்பாக இருக்கும் நாளிலும் ஓய்வைத் தவிர்க்காதீர்கள். மனசு ஒப்பாது, ஆனால் ஏற்ற இறக்கத்தை உடைப்பது இதுதான்.

நான்காம் படி: உடற்பயிற்சி

எட்ட வேண்டிய இலக்கு முதலில். லேசானது முதல் மிதமானது வரை இயலாமை உள்ள 18-64 வயதினருக்கு 2013-ஆம் ஆண்டின் கனடா வழிகாட்டுதல் சொல்வது: வாரம் இருமுறை 30 நிமிடம் மிதமான ஏரோபிக் பயிற்சி (நடைபோல மூச்சும் இதயத் துடிப்பும் கூடும் பயிற்சி), வாரம் இருமுறை முக்கியத் தசைகளுக்கு வலுப் பயிற்சி. 2020-இல் அமெரிக்காவின் தேசிய எம்.எஸ். சங்கம் வெளியிட்ட பரிந்துரை, அன்றாட அசைவுகளையும் சேர்த்து வாரம் 150 நிமிடம் என்றது. சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கும் அவரவர் நிலைக்கேற்ற பயிற்சி உண்டு. இந்த இலக்கை அடைய மூன்று மாதமோ ஆறு மாதமோ ஆகலாம், அவசரமில்லை.

ஏரோபிக் பயிற்சிக்கு நடை, நிலையான சைக்கிள், நீச்சல், கையால் சுற்றும் சைக்கிள் எதுவானாலும் சரி. சமநிலை தடுமாறுபவருக்குச் சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிள் பாதுகாப்பானது. வேகத்தை நாடித்துடிப்பால் கணக்கிட வேண்டாம். இதயத் துடிப்பு போன்றவற்றைத் தானாகவே இயக்கும் தானியங்கி நரம்புகளையும் எம்.எஸ். பாதிக்கக்கூடும், அப்போது நாடி உழைப்புக்கேற்ப ஏறாது. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. பத்துக்கு ஐந்து அல்லது ஆறு என்ற உழைப்பு. முதல் இரண்டு வாரம் மூன்று நான்கோடு நிறுத்துங்கள்.

கூட்டும் வரிசை முக்கியம். முதலில் நாட்களைக் கூட்டுங்கள், அடுத்து நிமிடங்களை, கடைசியாக வேகத்தை. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும். 10 நிமிடத்தில் தொடங்கியவர் வாரத்துக்கு 2 நிமிடம் கூட்டினால் பத்து வாரத்தில் 30-ஐ எட்டுவார். தொடர்ந்து 20 நிமிடம் முடியாதவர் ஐந்து ஐந்து நிமிடமாகப் பிரித்து, நடுவே இரண்டு நிமிடம் உட்காரலாம். பலன் பெரிதாகக் குறையாது.

வலுப் பயிற்சியை வாரத்தில் இரண்டு நாள், நடுவே 48 மணி நேரம் விட்டுச் செய்யுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதல், சுவரில் கை ஊன்றித் தள்ளுதல், ரப்பர் பட்டையை மார்புக்கு இழுத்தல், காலைப் பக்கவாட்டில் உயர்த்துதல், குதிகாலை உயர்த்துதல் என்ற ஐந்தும் போதும். ஒவ்வொன்றும் 10 முதல் 15 தடவை, முதலில் ஒரு சுற்று, நான்கைந்து வாரம் கழித்து இரண்டு சுற்று. சுற்றுகளுக்கு இடையே இரண்டு நிமிடமாவது ஓய்வு.

உட்கார்ந்து எழுவதைச் சரியாகச் செய்யக் கற்றால் மற்றவை எளிது. நாற்காலியின் முதுகு சுவரை ஒட்டி இருக்கட்டும், நழுவாது. இருக்கையின் முன் விளிம்புக்கு நகருங்கள். பாதங்களை முழங்காலுக்குச் சற்றுப் பின்னே வையுங்கள். மூக்கு கால்விரல்களுக்கு நேர் மேலே வரும்வரை முன்சாய்ந்து, பிறகு எழுங்கள். மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயன் போயிற்று. எழ முடியாவிட்டால் இருக்கையை உயர்த்துங்கள், கையால் தள்ளி எழுவதைப் பிறகு குறைக்கலாம்.

எப்போது நிறுத்துவது என்பதில்தான் சாதாரண உடற்பயிற்சிக்கும் இதற்கும் வித்தியாசம். முழங்கால் பின்னோக்கி வளைய ஆரம்பித்தாலோ, பாதம் தரையில் இழுபட்டாலோ, தொடை நடுங்கினாலோ அந்தச் சுற்று அங்கேயே முடிந்தது. தசை எரிவது வேறு, அதைத் தாங்கலாம். இது நரம்பு செய்தி கடத்தத் திணறும் அறிகுறி. இதை மீறித் தள்ளினால் வலு கூடாது, விழுவதுதான் நடக்கும். சமநிலைப் பயிற்சியையும் அறையின் மூலையில், கைக்கெட்டும் தூரத்தில் நாற்காலி வைத்துக்கொண்டே செய்யுங்கள்.

சூட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பலர் விட்டுவிடுவது இதனால்தான். பயிற்சியின்போது பார்வை மங்கலாம், கால் மரக்கலாம். நோய் முற்றுகிறது என்று பயந்து நின்றுவிடுகிறார்கள். உடல் குளிர்ந்ததும் அது போய்விடும், நரம்புக்குப் புதிய சேதம் எதுவும் வருவதில்லை. பயிற்சிக்கு முன் குளிர்ந்த நீரில் குளிப்பது, நடுவே குளிர்ந்த நீரைச் சிறிது சிறிதாகக் குடிப்பது, மின்விசிறி, காலை நேரம், குளிரூட்டும் மேலாடை எல்லாம் உதவும். அடிக்கடி சிறுநீர் வருகிறதே என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் வந்து களைப்பை இரட்டிப்பாக்கும். பயிற்சிக்கு முன் ஒருமுறை கழிவறைக்குப் போய்விட்டுத் தொடங்கினால் போதும்.

அளவு சரியா என்பதைப் பயிற்சி முடிந்த பிறகு பாருங்கள். கூடிய அறிகுறிகள் ஓரிரு மணி நேரத்தில் அடங்கிவிட்டால் சரியான அளவு. மறுநாள் காலையிலும் களைப்பு வழக்கத்தைவிட அதிகம் என்றால் அளவு கூடிவிட்டது. நிறுத்த வேண்டாம், கால் பங்கு குறைத்து ஒரு வாரம் இருங்கள். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிய அறிகுறி ஒன்று 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது நோய் மீண்டும் தாக்குவதாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவரை அழையுங்கள். நெஞ்சு வலி, மயக்கம் வந்தால் உடனடி மருத்துவ உதவி வேண்டும்.

ஐந்தாம் படி: அறிதல் நடத்தை சிகிச்சை

மனநலத்தோடு தொடர்புள்ள சிகிச்சை என்றதும் "எல்லாம் மனப்பிரமைன்னு சொல்றாங்களா?" என்று பலருக்குக் கோபம் வருகிறது. நியாயமான கோபம்தான். ஆனால் இந்தச் சிகிச்சை களைப்பு பொய் என்று சொல்வதில்லை. உண்மையான களைப்புக்கு நாம் எப்படி எதிர்வினை செய்கிறோம், அந்த எதிர்வினை அதைக் கூட்டுகிறதா குறைக்கிறதா என்று பார்க்கிறது. 2008-இல் வெளியான, 72 பேர் கலந்துகொண்ட சோதனையில் எட்டு வார அமர்வுகள் தந்தார்கள். ஒப்பீட்டுக்குத் தந்த தளர்வுப் பயிற்சியும் களைப்பைக் குறைத்தது, இந்தச் சிகிச்சை அதைவிட அதிகமாகக் குறைத்தது. ஆகவே தளர்வுப் பயிற்சியையும் ஒதுக்க வேண்டாம்.

உளவியலாளர், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர்), பயிற்சி பெற்ற செவிலியர் யாரும் இதைத் தரலாம். எம்.எஸ். பற்றித் தெரிந்தவராக இருக்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் முயற்சி செய்யுங்கள்" என்று மட்டும் சொல்பவர் என்றால் வேறு ஒருவரைத் தேடுங்கள். அமர்வுகளில் முதலில் குறிப்பேட்டைப் பார்ப்பார்கள், பிறகு நடவடிக்கைகளைச் சீராக்குவது, தூக்கம், எண்ணங்கள், குடும்பத்திடம் உதவி கேட்பது என்று போகும்.

எண்ணங்களைச் சோதிக்கும் பகுதியை ஒரு எடுத்துக்காட்டில் பார்க்கலாம். நண்பர் வீட்டுக்கு மாலையில் போக வேண்டும். மனதில் ஓடுவது: "போனா ரெண்டு நாள் படுத்துடுவேன்." அதை எழுதி, எவ்வளவு நம்புகிறீர்கள் என்று போடுங்கள்: 90%. அடுத்து குறிப்பேட்டைத் திறந்து, கடந்த மூன்று முறை வெளியே போனபோது என்ன நடந்தது என்று பாருங்கள். இரண்டு முறை மறுநாள் காலை மட்டும் சோர்வு, மூன்று மணி நேரம் நின்றுகொண்டிருந்த ஒருமுறைதான் இரண்டு நாள் படுக்கை என்று இருக்கலாம். அப்போது புதிய எண்ணம் இப்படி வரும்: "ஒரு மணி நேரம், உட்கார்ந்தபடி, போவதற்கு முன் இருபது நிமிட ஓய்வு. மறுநாள் காலை லேசாக இருக்கும்படி வைத்துக்கொள்கிறேன்." போய்வந்த பிறகு நடந்ததை எழுதுங்கள். இந்த எழுத்தில்தான் சிகிச்சையே இருக்கிறது. நல்லதாக நினைத்துக்கொள்ளச் சொல்வதல்ல இது. சோதித்த பிறகும் பழைய எண்ணமே உண்மை என்றால் அதை ஏற்றுத் திட்டத்தை மாற்றுகிறோம்.

இன்னொரு எண்ணம் பலரிடம் உண்டு: "பாதியில் விட்டால் நான் சோம்பேறி." நல்ல நாளில் அளவு மீற வைப்பது பெரும்பாலும் இதுதான். 10 நிமிடம் என்று வைத்திருந்தால் பதினொன்றாவது நிமிடம் தெம்பாக இருந்தாலும் நிறுத்துவதே பயிற்சி. அதே நேரத்தில், களைப்பை நொடிக்கு நொடி கவனித்துக்கொண்டே இருப்பதும் அதைப் பெரிதாக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மதிப்பெண் போட்டுவிட்டு நடுவே அதை விட்டுவிடுங்கள்.

தூக்கத்துக்கான விதிகள் சில: எழும் நேரம் தினமும் ஒன்றே. பகல் தூக்கம் பிற்பகல் மூன்றுக்கு முன், அரை மணிக்கு மேல் வேண்டாம். காபி, தேநீர் தூங்குவதற்கு ஆறு மணி நேரம் முன்பே நிறுத்துங்கள். படுக்கும் முன் இரண்டு மணி நேரம் திரவங்களைக் குறைத்து, அந்த அளவைப் பகலில் குடித்துவிடுங்கள். இரவில் கால் இறுக்கத்தால் விழித்தால் மாத்திரை நேரத்தை மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

ஆறாம் படி: இரண்டையும் ஒரே வாரத்தில் பொருத்துவது

ஒரு மாதிரி வாரம்: திங்கள், வியாழன் வலுப் பயிற்சி. செவ்வாய், வெள்ளி நடை அல்லது சைக்கிள். புதன் சிகிச்சை அமர்வு, அன்று கடினப் பயிற்சி இல்லை, ஏனெனில் யோசித்துப் பேசுவதும் உழைப்புதான். சனி, ஞாயிறு லேசான நீட்டல் மட்டும். கவனம் கேட்கும் வேலைகள் குறிப்பேட்டில் களைப்பு மிகக் குறைவாக வரும் நேரத்துக்குப் போக வேண்டும், பலருக்கு அது காலை. அந்த நேரத்தில் பயிற்சியையும் திணித்தால் இரண்டும் கெடும், எது முக்கியம் என்று தேர்ந்தெடுங்கள்.

மோசமான நாளுக்கு ஒரு குறைந்தபட்ச அளவை முன்பே எழுதி வைத்திருங்கள்: வழக்கமானதில் பாதி. 10 நிமிட நடைக்குப் பதில் 5, ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து தடவை. காய்ச்சல் இருந்தால் அதுவும் வேண்டாம். நோய் மீண்டும் தாக்கினாலோ தொற்று வந்தாலோ, நிலை சீரான பிறகு பழைய அளவில் பாதியிலிருந்து தொடங்கிக் கூட்டுங்கள். விட்ட இடத்திலேயே தொடங்குவது மிக வழக்கமான தவறு.

பலன் நிலைக்க வைப்பதும் ஒரு வேலை. நெதர்லாந்தில் நடந்த சோதனையில் அறிதல் நடத்தை சிகிச்சை 16 வாரத்தில் களைப்பை நன்றாகக் குறைத்தது, ஆனால் ஓராண்டில் அந்தப் பலன் பெரிதும் கரைந்துவிட்டது. ஆகவே அமர்வுகள் முடிந்த பிறகும் மாதம் மூன்று நாள் குறிப்பேடு எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதே கேள்வித்தாளை நிரப்புங்கள். மதிப்பெண் ஏறத் தொடங்கினால் ஒன்றிரண்டு அமர்வுக்குத் திரும்பப் போங்கள். 12 வாரம் ஒழுங்காகச் செய்தும் மதிப்பெண் நகரவே இல்லையென்றால் முதல் படிக்குப் போய், தூக்கத்தையும் மருந்துப் பட்டியலையும் மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். அப்போது கேள்வித்தாள்களையும் குறிப்பேட்டையும் மருத்துவரிடம் எடுத்துப் போங்கள், எங்கே தேடுவது என்று அவற்றைப் பார்த்தாலே அவருக்குத் தெரிந்துவிடும்.